பெரிய கோயிலில் நசுங்கிய கருவி: பழைய தொலைநோக்கியை நம்பலாமா?

பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதே காலத்தில் செய்த ஸ்கோப் ஒன்றும் விலைக்கு வருகிறது. ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கி. வாங்கலாமா, வேண்டாமா?

பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்கக் கேட்கும் கேள்வி இது. கேட்க எளிது, பதில்தான் கஷ்டம். மேல்பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருக்கும். இரண்டு வில்லைகளை ஒட்டிய பசை விட்டுப்போய்ப் பார்வை மங்கலாகத் தெரியும். திருகைத் திருப்பினால் குறுக்குக்கோடு ஒருமுறை நகரும், மறுமுறை நகராது. கீறல் விழுந்து அசிங்கமாகக் கிடக்கும் இன்னொரு ஸ்கோப்போ எத்தனை முறை திருகினாலும் சொன்ன இடத்தில் சரியாக வந்து நிற்கும்!

ஆக, எது பயன்படும், எது பயன்படாது என்பதைத் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வயதை வைத்தும் முடியாது. வேறு எதை வைத்துத்தான் முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று தஞ்சாவூர் சரித்திரத்தில் இருக்கிறது. அதில் துப்பாக்கி இல்லை. ஆனால் தொலைநோக்கி இருக்கிறது, ஒரு ராணுவ அதிகாரியும் இருக்கிறார். வருடம் 1808. இடம், ராஜராஜ சோழன் கட்டிய பெரிய கோயில்.

ஒரே வம்சம்

துப்பாக்கி ஸ்கோப்பும் நில அளவைக்காரர்களின் தியோடலைட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தொலைநோக்கிக்குள் மெல்லிய குறுக்குக்கோடுகளை வைத்துத் துல்லியமாகக் குறிபார்க்கும் யோசனை முதலில் வானியல்காரர்களுடையது. 1640-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் இதைச் செய்தார். 1644-ல் உள்நாட்டுப் போரில் அவர் இறந்துபோனார். அவர் யோசனை சாகவில்லை. வானியல்காரர்களிடமிருந்து நில அளவைக்காரர்களுக்குப் போனது. 19-ம் நூற்றாண்டில் துப்பாக்கியின் மேல் ஏறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே (1861-65) தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் பயன்பட்டன.

தியோடலைட் என்பது வேறொன்றுமில்லை. குறுக்குக்கோடு உள்ள தொலைநோக்கியைப் பாகை குறித்த ஒரு வட்டத்தின் மேல் சுழலும்படி பொருத்தியிருப்பார்கள். தூரத்தில் தெரியும் ஒரு கொடியைக் குறிபார்த்து வட்டத்தில் அளவைப் படிக்க வேண்டும். பிறகு இன்னொரு கொடியைக் குறிபார்த்துப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோணம்.

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு நாட்டையே அளந்துவிடலாம். அதைத்தான் வில்லியம் லாம்ப்டன் செய்தார்.

செகண்ட்ஹேண்ட் சங்கிலியும் சிறைப்பட்ட கருவியும்

லாம்ப்டன் பிரிட்டிஷ் ராணுவத்தின் 33-வது படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரின்போது ஒரு ராத்திரி, படை வடக்கே போவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் நட்சத்திரங்களைப் பார்த்து, நாம் தெற்கே திப்புவின் முகாமை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று ஜெனரல் பெயர்டிடம் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. கண்ணால் பார்ப்பதைக் கணக்கால் சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது.

போர் முடிந்ததும் தென்னிந்தியாவைக் குறுக்காகவும் நெடுக்காகவும் முக்கோணங்களால் அளக்க வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். அனுமதி கிடைத்தது. கருவிக்கு எங்கே போவது? நல்ல கருவிகள் எல்லாம் லண்டனில்தான் கிடைக்கும், ஆர்டர் கொடுத்தால் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் கிடைத்தது ஒரு பழைய சாமான். 1793-ல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் ஒரு பிரிட்டிஷ் தூதுக்குழு சீனாவுக்குப் போயிருந்தது. சீனச் சக்கரவர்த்திக்குக் கொடுக்க அறிவியல் கருவிகளையும் எடுத்துப் போனார்கள். அவற்றில் ராம்ஸ்டென் பட்டறையில் செய்த 100 அடி எஃகு அளவைச் சங்கிலி ஒன்றும் இருந்தது. சக்கரவர்த்திக்கு அது வேண்டியிருக்கவில்லை. குழுவோடு போயிருந்த டாக்டர் டின்விடி என்பவரிடம் அது தங்கிவிட்டது. அவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அதைத்தான் லாம்ப்டனுக்காக வாங்கினார்கள். சீன அரண்மனைக்குப் போன சங்கிலி 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது! சுமார் ஏழரை மைல் நீளமுள்ள முதல் அடிக்கோட்டை அதை வைத்துத்தான் அளந்தார்கள்.

அடுத்தது பெரிய தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். மொத்த எடை அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தபோது அது போர்ச் சாமான் இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்தது. பிரெஞ்சு கவர்னர் பெருந்தன்மையாக அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்.

இப்படி ஒன்று வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது, மற்றொன்று எதிரியிடம் சிக்கி மீண்டது. 1804-ல் பெங்களூர் பக்கத்தில் இன்னொரு அடிக்கோட்டை நேரில் அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்குப் போட்டு வந்த நீளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழு மைலுக்கு மேற்பட்ட அந்தக் கோட்டில் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

டெல்டாவில் வந்த சிக்கல்

மைசூர்ப் பக்கமும் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கமும் மலைகளும் குன்றுகளும் நிறைய. ஒரு குன்றின் மேல் ஏறி அடுத்த குன்றில் உள்ள கொடியைப் பார்த்துவிடலாம். காவிரி டெல்டாவில் அந்த வசதி கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை வயல். வரப்பில் பனை, வாய்க்கால் ஓரம் தென்னை, ஊருக்கு ஊர் தோப்பு. நெல்லுக்கு அருமையான பூமி, நில அளவைக்காரருக்குத் தலைவலி. தரையில் நின்றால் பத்து மைல் என்ன, அடுத்த கிராமமே தெரியாது.

ஆனால் மலை இல்லாத ஊரில் சோழர்கள் மலை மாதிரி கோயில் கட்டி வைத்திருந்தார்கள். டெல்டாவில் லாம்ப்டன் கோயில் கோபுரங்களையே தன் குன்றுகளாக்கிக்கொண்டார். அதில் பெரியது எது என்று சொல்லத் தேவையில்லை. 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கும் மேல் உயரம்.

அப்போது தஞ்சை அரண்மனையில் இருந்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1799 ஒப்பந்தத்தின்படி நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கம்பெனிக்கு இது வரி கொடுக்கும் செழிப்பான நெல் பூமி. லாம்ப்டனுக்குப் பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆர்வம். ஆனால் சம்பளம் கொடுத்தவர்களுக்கு நல்ல வரைபடம் வேண்டியிருந்தது. இரண்டு ஆசைகளும் அந்த அரை டன் கருவியில்தான் தொங்கின. நிஜமாகவே தொங்கின!

1808-ல் கயிறும் கப்பியும் கட்டித் தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றினார்கள். சாரம் கட்டி, சாரப்பள்ளத்திலிருந்தே உச்சிக்கல்லை ஏற்றினார்கள் என்று தஞ்சாவூரில் இன்றைக்கும் கதை சொல்வதுண்டு. அந்தக் கல் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தது. லாம்ப்டனின் கருவிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி ஆடிப்போய்க் கோயில் சுவரில் மோதியது.

பெட்டிக்குள் இருந்தும் அடி உள்ளே இறங்கிவிட்டது. வட்டத்தை மெல்ல நகர்த்தும் திருகும் அதைப் பிடித்து நிறுத்தும் கவ்வியும்தான் மோதலை வாங்கின. அந்த அடியில் வட்டமே நெளிந்துவிட்டது.

ஆறு வாரங்கள்

நெளிந்தது என்றால் எவ்வளவு மோசம்? ஒரு கணக்குப் போட்டால் புரியும். 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு பாகை என்பது சுமார் 8 மில்லிமீட்டர். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. அது விளிம்பில் சுமார் 0.002 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு! பெரிய தியோடலைட் விகலைக் கணக்கில் கோணம் பார்க்கும் கருவி. அதன் வட்டம் கண்ணுக்குத் தெரியும்படியே கோணிப்போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பித்தளை விலைக்குப் போட்டிருப்பார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது தெரிந்த இடம். சொத்து சேதமானால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சிய மதிப்பை மட்டும் எழுதுவோம். லாம்ப்டன் நீக்கவில்லை. ஒரு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். முக்கியமான கைவினைஞர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. கருவியை முழுக்கப் பிரித்துப் போட்டார். ஒரு பெரிய தட்டையான பலகையில் வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். நெளிந்த பித்தளை வட்டத்தை ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். இதற்கெல்லாம் ஆனது ஆறு வாரம். கருவி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது.

இந்த விவரங்களைப் பின்னால் எழுதி வைத்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட், லாம்ப்டனின் உதவியாளராக வந்து அவர் இடத்துக்கே உயர்ந்தவர். ஆனால் கூடாரத்துக்குள் ஆறு வாரமும் கூடவே இருந்து சுத்தியல் பிடித்த கைவினைஞர்களின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

"ஏறக்குறைய" போதுமா?

ஒரு விகலை தப்பினால் 50 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 24 சென்டிமீட்டர் விலகும். மரச் சுத்தியலால் தட்டிய வட்டத்தில் ஒரு விகலைக்குக்கூடப் பிழை இல்லாமல் இருக்குமா? இருக்காது. லாம்ப்டனுக்கும் அது தெரியாமலா இருக்கும்? பிறகு எந்தத் தைரியத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்?

அந்த வேலையிலேயே சோதனை அடங்கியிருந்ததுதான் காரணம். குறைந்தது மூன்று சோதனைகள்.

முதலாவது, வட்டத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் படிப்பது. வட்டம் மையத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு பக்கம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும். இரண்டின் சராசரியை எடுத்தால் அந்தப் பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இரண்டாவது, முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளப்பது. சமதளத்தில் கூட்டுத்தொகை 180 பாகை. பூமி உருண்டையாக இருப்பதால் கொஞ்சம் கூடும், ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம். எவ்வளவு வர வேண்டும் என்பது முன்பே தெரியும். அது வரவில்லை என்றால் கருவியோ பார்த்தவரோ தப்பு செய்திருக்கிறார்கள். கணக்குப் பதிவியலின் இருப்பாய்வு மாதிரிதான் இது. பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு இருப்பது நிச்சயம்.

ஆனால் இருப்பாய்வு ஒத்துவந்தாலும் தவறு இருக்கலாம் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுசெய்துவிடும். மூன்று கோணங்களும் தப்பாக இருந்து மொத்தம் மட்டும் சரியாக வரலாமே! அதனால்தான் மூன்றாவது சோதனை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தரையில் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை நேரில் அளப்பது. பேரேட்டில் உள்ள ரொக்க இருப்பைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பது போல. 1809-ல் லாம்ப்டன் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஓர் அடிக்கோடு அளந்தார். முக்கோணங்கள் கன்னியாகுமரி வரை போய்ச் சேர்ந்தன.

பழைய கருவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிழையே இல்லாத கருவி எங்கேயும் கிடைக்காது. அதன் பிழையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, அந்தப் பிழை தினமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாறாத பிழையைக் கழித்துக்கொள்ளலாம். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறும் பிழையை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது.

எந்த வேலைக்கு?

கதை இத்தோடு முடிந்திருந்தால் லாம்ப்டனுக்கு ஒரு ஜே போட்டுவிட்டுப் போகலாம். முடியவில்லை. 1823-ல் ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்ப்டன் இறந்தார். அடுத்து வந்த எவரெஸ்டுக்கு அந்தக் கருவியின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்து போய் ட்ரவுட்டன் அண்ட் சிம்ஸ் செய்த புதிய தியோடலைட்டுகளோடு 1830-ல் திரும்பினார். பழையதையும் தூக்கி எறியவில்லை. கூடவே கல்கத்தாவுக்கு வந்த ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணர் அதைப் பிரித்துப் புதுப்பித்துத் திரும்பவும் வேலைக்குக் கொண்டுவந்தார். 1839-ல் பாரோ போன பிறகு, 1840-களில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் நம்ம ஆற்காட்டுக்காரர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஐரோப்பியர்கள் செய்த நுட்பமான கருவிகளைப் பிரித்துச் சரிசெய்வதில் அவருக்கு இருந்த திறமையை எவரெஸ்டே பாராட்டினார். அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவர் அந்த வேலையில் உட்கார்ந்தது சாதாரண விஷயமில்லை.

தெற்கே லாம்ப்டன் அளந்ததும் அப்படியே நிலைக்கவில்லை. 1868-ல் பெங்களூரிலும் 1869-ல் கன்னியாகுமரியிலும் புதிய கருவிகளால் அடிக்கோடுகளை மறுபடி அளந்தார்கள். முக்கோணங்களையும் புதிதாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் ஆறு வார உழைப்பு வீணா? வீண் என்று சொல்ல முடியாது. 1808-ல் தென்னிந்தியாவுக்கு நம்பகமான ஒரு சட்டகம் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அந்தக் கருவி போதும். அறுபது வருடம் கழித்துத் தேவைப்பட்ட துல்லியத்துக்கு அது போதாது. ஒரு கருவி பயன்படுமா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

திரும்ப ஸ்கோப்புக்கு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி) என்ற துப்பாக்கியில் நம்பர் 32 என்ற ஸ்கோப்பைப் பொருத்தியது. மூன்று மடங்குதான் பெரிதாகக் காட்டும். ஒவ்வொரு ஸ்கோப்பையும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்றே பொருத்தி, ஸ்கோப்பின் எண்ணைத் துப்பாக்கியின் கட்டையிலும் துப்பாக்கியின் எண்ணை ஸ்கோப்பைத் தாங்கும் பிடியிலும் அடித்து வைத்தார்கள். காரணம் லாம்ப்டனுக்குத் தெரிந்த அதே விஷயம்தான். இந்த ஸ்கோப்பின் பிழையும் இந்தத் துப்பாக்கியின் பிழையும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. ஜோடியைப் பிரித்தால் கணக்கு போச்சு, முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

அதனால் பழைய ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது பூச்சை இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணாடியில் பூஞ்சையும் மங்கலும் உண்டா என்று பார்க்க வேண்டும். அசையாமல் பிடித்து, திருகைப் பத்துச் சொடுக்கு முன்னால் திருப்பி, பத்துச் சொடுக்குப் பின்னால் திருப்பி, குறுக்குக்கோடு கிளம்பிய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய பிறகு குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குறிக்கு இடப்பக்கமாகவே விழுந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் திருத்திக்கொள்ளலாம். சிதறினால் எவ்வளவு பிரபலமான கம்பெனி செய்ததாக இருந்தாலும் அது கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான் லாயக்கு.

லாம்ப்டனின் தியோடலைட் டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் பாதுகாப்பாக இருக்கிறது. பரங்கிமலையில் ஆரம்பித்த அந்த அளவைதான் தலைமுறைகள் தாண்டி இமயமலை வரை போய், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்னது. அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் இருக்கிறது. தஞ்சாவூரில் லாம்ப்டன் பெயரைக் கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போகும்போது நந்தியைப் பார்த்துவிட்டு, விமானத்தை அண்ணாந்து ஒருமுறை பாருங்கள். எங்கோ அந்த உயரத்தில்தான் ஒரு கயிறு அறுந்தது.